ஜாவா கிளம்பிய காலை

சுக்கூர் பாய் மறுபடியும் உதைத்தார். ஜாவா மோட்டார் சைக்கிள் இருமியது. உயிர் வரவில்லை.

நான் கழுத்தில் மாலையோடு நின்று, உயிர் வந்துவிடக் கூடாதே என்று அம்மனை வேண்டிக்கொண்டிருந்தேன்.

அன்று எனக்கு அறுபதாம் கல்யாணம். பக்கத்தில் என் சம்சாரம் பழனியம்மாள், பட்டுச்சேலையும் மாலையுமாக. தாலி கட்டி முடித்தாயிற்று. இனி இருவரும் ஊர்க்கோடி அம்மன் கோயிலுக்குப் போய்வர வேண்டும்.

மற்றவர்கள் என்றால் காரில் போவார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. என் மாப்பிள்ளை செழியன் பாசக்காரன்.

மாட்டுக்கொட்டகையில் கிடந்த ஜாவாவை எனக்குத் தெரியாமல் திண்டுக்கல்லுக்கு ஏற்றிப்போய், பேகம்பூரில் சுக்கூர் பாய் பட்டறையில் விட்டிருக்கிறான். நானோ, வண்டியை எவனோ திருடிவிட்டான் என்று நிம்மதியாக இருந்தேன்.

மகள் மணிமேகலை வயிற்றில் இருந்தபோது நிறுத்திய வண்டி அது. அதற்குப் பிறகு கோழிகள்தான் ஏறி உட்கார்ந்தன. டூல்ஸ் பெட்டிக்குள் ஒரு கோழி அடைகாத்தது. அந்தக் குஞ்சுகள் வளர்ந்து குழம்பான பிறகும் பெட்ரோல் வாசம் போகவில்லை.

பாய் டேங்குக்குள் ஜல்லியைப் போட்டுக் குலுக்கித் துருவை எடுத்திருந்தார். பிஸ்டனை மாற்றியிருந்தார். பெயிண்ட் வேறு. என்னை யாரென்றே தெரியாததுபோல வண்டி பளபளத்து நின்றது.

அந்த வண்டியைப் பற்றி நான் ஊருக்குச் சொல்லியிருப்பது கொஞ்சநஞ்சமல்ல. ஆத்தூரில் மல்லிகையை ஏற்றிக் கிளம்பினால், மொட்டு விரிவதற்குள் திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் ஏலமே முடிந்துவிடும். குடகனாற்று வெள்ளத்தில் இறங்கிக் கரையேறியபோது சைலன்சருக்குள் ஒரு விரால் இருந்தது. சிறுமலைச் சாலையில் ஒரு சிறுத்தை எங்களோடு போட்டி போட்டு ஓடிவந்து, முடியாமல் மூச்சு வாங்கிக் குந்திவிட்டது.

எல்லாம் நடந்ததுதான்.

எதிர் வளைவில் டீக்கடை வைத்திருக்கும் அந்தோணிமுத்து மட்டும் நம்புவதில்லை. அவன் அப்பா காலத்தில், கடை திறக்கிற நேரத்தில், அந்த ஜாவா பறப்பதை அவன் பார்த்திருக்கிறான். ஓட்டுகிற ஆள் முழுக்கைச் சட்டை போட்டு, துண்டால் உருமா கட்டியிருப்பான். பின்னால் பூக்கூடையைக் கட்டிப்பிடித்தபடி கூலியாள் போல ஒரு உருவம். அந்த உருமாக்காரன் நான்தானா என்பது அவனுக்குத் தீராத சந்தேகம்.

இப்போது அடுப்பில் பாலை வைத்துவிட்டு, கையில் கிளாஸோடு என் வாசலுக்கே வந்துவிட்டான்.

“வளைவுல அந்தாளு சாயிற அழகைப் பாத்திருக்கேன் அப்பு. இன்னைக்கு நீ சாயிறதையும் பாத்துருவோம்.”

சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். வீடியோக்காரர் லைட்டை என் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

ஏறாவிட்டால் என் கதையெல்லாம் காற்றில் போகும். ஏறினால், சற்றுமுன் நான் கட்டிய தாலிக்கு யார் உத்தரவாதம்?

பாய் பிளக்கைக் கழற்றினார். சட்டையில் துடைத்தார். மாட்டினார். உதைத்தார்.

அம்மன் அன்று விடுமுறையில் இருந்திருக்க வேண்டும்.

நீலப் புகையைக் கக்கிக்கொண்டு ஜாவா அலறியது. கோழிகள் கூரைக்குப் பறந்தன. செழியன் கைதட்டினான். “உக்காருங்க மாமா” என்றான்.

உட்கார்ந்தேன்.

ஜாவாவில் உதைக்கிற கம்பியேதான் கியர். உதைத்து முடித்ததும் அதை உள்ளே அமுக்கி, முன்பக்கமாகத் திருப்பிவிட வேண்டும். அதை வண்டிக்காரரே செய்வதுதான் மரியாதை என்று பாய் தள்ளி நின்றார்.

நான் வலது காலால் கியரைத் தேடினேன். பிரேக் மிதிபட்டது. இடது காலால் தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. கைக்கு வந்ததைத் திருகினேன். வண்டி நின்ற இடத்திலேயே ஊரைக் கூட்டியது.

சிரிப்பு நின்றுவிட்டது. அதுதான் பயமாக இருந்தது. பாய் என் காலையே பார்த்தார். அந்தோணிமுத்து டீயைக் குடிக்காமல் பிடித்துக்கொண்டிருந்தான்.

பக்கத்தில் வளையல் சத்தம் கேட்டது. பழனியம்மாளின் வலது மணிக்கட்டு தானாக முன்னும் பின்னும் திரும்பிக்கொண்டிருந்தது. வண்டியின் சத்தத்தைக் குறைக்கப் பார்ப்பவள்போல.

அவள் என்னைப் பார்த்தாள். ஊரைப் பார்த்தாள்.

கழுத்து மாலையைக் கழற்றி, என் மாலைக்கு மேலேயே போட்டாள். என் தோளில் கிடந்த துண்டை எடுத்து, ஒரு உதறு உதறி, பூ வைத்த கொண்டைக்கு மேல் இறுக்கி உருமா கட்டினாள். கொசுவத்தை வாரிச் சொருகினாள்.

“செத்த பின்னாடி நகந்து உக்காருங்க.”

நகர்ந்தேன்.

இடது காலால் கம்பியை உள்ளே அமுக்கி, முன்பக்கம் திருப்பினாள். டக்கென்று கியர் விழுந்தது. எதிரே அந்தோணிமுத்து கடையில் பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அதைப் பார்க்க ஒருவரும் இல்லை.

வளைவு வந்தது. அவள் சாய்ந்தாள். நான் பழைய பழக்கத்தில் இரண்டு மாலையையும் கூடையைப்போலக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

தென்னந்தோப்பைத் தாண்டும்போது, திரும்பாமலே கேட்டாள்.

“பின்னாடி சிறுத்தை கிறுத்தை வருதான்னு பாருங்க.”

பார்த்தேன். அந்தோணிமுத்து கிளாஸோடு ஓடிவந்துகொண்டிருந்தான்.

கொஞ்ச தூரம்தான். அவனும் மூச்சு வாங்கிக் குந்திவிட்டான்.