அம்மாவின் வயது

தொற்று உச்சத்தில் இருந்த நாள். ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு ஆம்புலன்ஸ்கள் நின்றன. உள்ளே ஒரே ஒரு ஆக்சிஜன் படுக்கைதான் காலி. இருவரில் வயது குறைந்தவருக்கே அது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பக்கத்து வண்டியில் இருந்தவளுக்கு ஐம்பத்தொன்பது.

"எங்கம்மாவுக்கு அம்பத்தெட்டு சார்" என்றான் கதிரேசன், முகக்கவசத்துக்குள்ளிருந்து.

படுத்திருந்த தெய்வானை கண் திறந்தாள்.

"டேய், உனக்கே அம்பது ஆவுது. எட்டு வயசுலயா உன்னப் பெத்தேன்?" என்று மூச்சிரைக்கச் சிரித்தாள்.

"சும்மா இரும்மா!"

டாக்டர் பக்கத்து வண்டியின் கதவைத் திறக்கச் சொன்னார்.

ஸ்ட்ரெச்சர் உள்ளே போனது. அதன் சக்கரச் சத்தம் தேயத் தேய, மகனின் கையைப் பிடித்திருந்த தெய்வானையின் விரல்கள் இறுகிக்கொண்டே வந்தன.