ஆற்றங்கரையில் பெண் பார்த்த கதை

“பிரியந்தி, அந்தத் தொப்பியைக் கழட்டு பிள்ளை. முகம் தெரிய வேணும்.”

“ஆருக்குத் தெரிய வேணும் அப்பா? இஞ்ச ஓணானும் நாங்களும்தானே நிக்கிறம்.”

பேனாட் கார் நிறுத்துமிடத்தை நாற்பத்தேழாவது தடவையாகத் திரும்பிப் பார்த்தார்.

அரிசோனாப் பாலைவனம். கல்லில் மாவை ஊற்றினால் தோசை வேகாது, நேரே கருகிவிடும். அப்படி ஒரு வெயில். நடுவே பச்சையாக ஓர் ஆறு. கரையில் நாலு மர மேசை, நிழலுக்கு ஒரு கூரை, குப்பையைத் திரும்பக் கொண்டுபோகச் சொல்லும் பலகை ஒன்று. அரசாங்கத்தின் பொது நிலம். வேலி இல்லை, வாசல் இல்லை, யார் வேண்டுமானாலும் வரலாம். ஆதாம் காலத்திலிருந்து இன்றுவரை தமிழர் மட்டும் வந்ததில்லை.

பேனாட் இந்த இடத்துக்கு ஓம் சொன்னதே அதற்காகத்தான்.

மொன்றியலில் பெண் பார்ப்பது லேசுப்பட்ட காரியமா? கோயிலில் பார்த்தால் பூசை முடிவதற்குள் ஊருக்குத் தெரியும். கோப்பிக் கடையில் பார்த்தால் கோப்பி ஆறுவதற்குள் ரொறன்ரோவுக்குத் தெரியும். சரிவராமல் போனாலோ, பிள்ளையின் பெயர்தான் கெடும். ஆகவே வில்லரேயில் இருக்கும் பேனாட்டும், அங்கிருந்து இருபது நிமிடக் கார் ஓட்டத்தில் புவாண்ட்-கிளேரில் இருக்கும் மாப்பிள்ளை வீட்டாரும், தனித்தனி விமானத்தில் நாலாயிரம் கிலோமீற்றர் பறந்து வந்து இங்கே தற்செயலாகச் சந்திப்பதென்று ஏற்பாடு.

ஏற்பாட்டின் சூத்திரதாரி, கோயில் பாடகர் குழுவின் றோஸ்மேரி அக்கா. “தகப்பன் இல்லாத பொடியன். தாயும் மகனும்தான், பிக்கல் பிடுங்கல் இல்லை. பிரியந்திக்கு மூச்சும் விட்டிடாதை,” என்று சொல்லியிருந்தார்.

பேனாட் மூச்சு விடவில்லை. சும்மா ஒரு சுற்றுலா என்றுதான் மகளைக் கூட்டி வந்தார். முப்பத்திரண்டு வயதுக்குள் பதினொரு மாப்பிள்ளைகளை வேண்டாம் என்றவள் அவள். தாய் செத்து எட்டு வருடம். தன் கண் மூடுவதற்குள் இவளுக்குத் தாலி ஏற வேண்டும் என்பதே பேனாட்டின் காலைச் செபமும் மாலைச் செபமும். இது பன்னிரண்டாவது. இதுவும் தவறினால் அடுத்த மாப்பிள்ளையைச் சந்திரனில் போய்த்தான் பார்க்க வேண்டும்.

“ஒரு இடத்தில இருங்கோவன் அப்பா. நீங்கள் நடக்கிற நடையில இன்னொரு ஆறு வெட்டுப்படப் போகுது.”

“கால் விறைக்குதடி பிள்ளை.”

“நாப்பத்திரண்டு டிகிரி வெயிலிலயோ?”

நல்ல வேளை, புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒரு கார் வந்தது. முதலில் மாப்பிள்ளைப் பொடியன் றெனோல்ட் இறங்கினான். பின்னால் மாம்பழ நிறச் சேலையும் ஓட்டச் சப்பாத்துமாகத் தாய் றெஜினா.

பேனாட் ஒரு கிழமையாகக் கண்ணாடி முன் நின்று பழகிய வசனத்தை எடுத்துவிட்டார். “அட! தமிழ் ஆக்களே? எந்த இடம்?”

அவர் போட்ட சத்தத்தில் அக்கரைப் பறவைகள் கலிபோர்னியாவுக்கே பறந்துவிட்டன.

“மொன்றியல், அங்கிள்.”

“நாங்களும் மொன்றியல்! பாத்தியே பிள்ளை, கடவுளின்ர திருவிளையாட்டை!”

பிரியந்தி தலை குனிந்துகொண்டாள். வெட்கம்! பேனாட் மனதுக்குள் மாதாவுக்கு ஆறு மெழுகுதிரி நேர்ந்தார்.

ஆனால் பொடியன் பெண்ணை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவள் றெஜினாவோடு ஆற்றுப் பக்கம் போக, அவன் பேனாட்டுக்கு எதிரே வந்து உட்கார்ந்தான்.

“அங்கிள், உங்களுக்குச் சீனி வருத்தம் இருக்கோ?”

“இல்லைத் தம்பி.”

“பிறசர்?”

“இவ்வளவு நாளும் இல்லை. இண்டைக்கு வந்திருக்கும்.”

“சமைப்பியளோ?”

“நான் மீன் குழம்பு வைச்சா மூண்டு தெருவுக்குப் பசிக்கும்.”

“குறட்டை விடுவியளோ?”

பேனாட் திகைத்தார். பரம்பரைக் குணம் விசாரிக்கிறான் போலும். கெட்டிக்காரன்! “நான் மெல்லிசா விடுவன் தம்பி. ஆனா பிரியந்தி விடவே மாட்டாள். கோயிலில வைச்சுச் சத்தியம் பண்ணுவன்.”

“மெல்லிசெண்டால் பரவாயில்லை,” என்று றெனோல்ட் தலையாட்டினான்.

அங்கே இரண்டு பெண்களும் தண்ணீரில் கால் நனைத்தபடி விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். மாமிக்குப் பிடித்துவிட்டது! பேனாட்டுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தார், இருந்தார், மறுபடி எழுந்தார்.

“தம்பி, நீரும் போய்ப் பிள்ளையோட ரெண்டு கதை கதையுமன்.”

“அதுக்கென்ன அவசரம் அங்கிள்? இனிக் காலம் முழுக்கக் கதைக்கலாம்தானே.”

பேனாட் அந்த இடத்திலேயே ஆறங்குலம் உயர்ந்தார். காலம் முழுக்க! இனி மண்டபம் பிடிக்க வேண்டியதுதான். அப்போதுதான் கரையிலிருந்து மகளின் குரல் கேட்டது.

“றெனோல்ட் அண்ணை! அந்தத் தேத்தண்ணிப் போத்தலைக் கொண்டு வாறியளோ?”

அண்ணை! பேனாட்டின் தலையில் பாலைவனத்து மலை முழுவதும் சரிந்தது. ஒரு தமிழ்ப் பெண் ஒருவனை வாய் நிறைய அண்ணை என்று கூப்பிட்டுவிட்டால், பிறகு உரோமாபுரியே திரண்டு வந்தாலும் அந்தச் சம்பந்தத்தை ஒப்பேற்ற முடியுமா?

மணலில் செருப்பு புதையப் புதைய ஓடினார். மகளின் கையைப் பிடித்து ஒதுக்குப்புறமாக இழுத்தார்.

“என்ன வேலையடி செய்தனீ? மாப்பிள்ளையைப் போய் அண்ணை எண்டு... இதுக்கோ நாலாயிரம் கிலோமீற்றர் பறந்து வந்தனான்?”

சொன்ன பிறகுதான் இரகசியம் வாயிலிருந்து விழுந்துவிட்டது தெரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டார்.

பிரியந்தி கோபப்படவில்லை. தகப்பனின் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டாள்.

“உங்களைத் தனிய விட்டிட்டுப் போக மனமில்லாமல்தானப்பா அந்தப் பதினொரு பேரையும் வேண்டாமெண்டனான்,” என்றாள். “றோஸ்மேரி அக்காவிட்டச் சொல்லி இந்த ஏற்பாட்டைச் செய்விச்சதே நான்தான். இவர் இனி எனக்கு அண்ணைதான். மாப்பிள்ளை நீங்கள், றெஜினா அன்ரி இப்பதான் ஓம் எண்டு சொன்னவ.”