பதினோரு வருடப் பட்டினி

“யாரைக் கேட்டு சார் உரம் போட்டீங்க?”

பண்ணைக் குடியிருப்பின் கடைசி வீடு வரைக்கும் கேட்டது. கதவைச் சாத்திக்கொண்டுதான் இருந்தோம் என்று கடைசி வீட்டில் இப்போதும் சாதிக்கிறார்கள்.

அவள் ஆராய்ச்சிப் பண்ணையின் நெல் விஞ்ஞானி. மூன்று வருட ஒப்பந்தம். அதுவரை பால்காரரிடம்கூடக் குரல் உயர்த்தியதில்லை.

அவன் பண்ணை மேலாளர். முப்பத்தாறு வயது. கல்யாணம் ஏன் ஆகவில்லை என்பதற்கு வீட்டுக்கு ஒரு காரணம் வைத்திருந்தோம்.

“மேலிடத்துல இருந்து ஆள் வர்றாங்கன்னாங்க மேடம். ரோட்டோர வயலு அப்படிச் சவலையாக் கெடந்தா…”

“கெடக்கட்டும்! கெடக்கணும்!”

விஷயம் இதுதான். அந்த வயலுக்குப் பதினோரு வருடமாக மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், கிடையாது. மற்ற சத்தெல்லாம் உண்டு, அது மட்டும் இல்லை. வேண்டுமென்றே போட்ட பட்டினி.

அதில் நானூறு வகை நெல். ஒவ்வொன்றிலும் இலையைக் கிள்ளி ஆய்வகத்துக்கு அனுப்பி மரபணுவைப் படித்திருந்தாள். எது பட்டினியிலும் அடியில் கிளைத்துத் தூர் கட்டுகிறது, எது கட்டவில்லை என்பதை வயலில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தாள். இரண்டையும் சேர்த்துக் கணினிக்குக் கற்றுக்கொடுத்துவிட்டால் போதும். அப்புறம் நாற்றின் இலையை மட்டும் பார்த்தே, உரம் வாங்க முடியாதவன் நிலத்தில் எது விளையும் என்று அது சொல்லிவிடும்.

இரண்டு பருவம் முடிந்திருந்தது. இது மூன்றாவது. கடைசி.

அவன் மணிச்சத்து நிறைந்த டி.ஏ.பி. உர மூட்டையைப் பிரித்துவிட்டான்.

பத்தே நாள். நானூறும் ஒன்றுபோல் தூர் வெடித்து நின்றன. எது தாங்கும், எது தாங்காது என்று இனி தெய்வமே வந்தாலும் சொல்ல முடியாது.

வந்தவர்கள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அலுவலகத்திலேயே பிரியாணி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிட்டிருந்தார்கள்.

“என்னையக் கொறை சொன்னா நான் ஏதாச்சும் சொல்லிக்குவேன்,” என்றான். இப்போது குரல் இறங்கியிருந்தது. நாங்கள் ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறக்க வேண்டியதாயிற்று. “அந்தம்மா வயலு கெடக்குற லட்சணத்தைப் பாருன்னு உங்களைக் கொறை சொல்லுவாங்களேன்னுதான்…”

தூர் எண்ணி எழுதிய நோட்டை அவள் மூடினாள்.



“எடுக்க முடியுமா மேடம்?”

“போட்டது மண்ணுல ஒட்டிக்கிச்சு சார். மக்காச்சோளம் மாதிரிப் பயிர் வச்சுத்தான் அதை உறிஞ்சணும். உரம் ஒண்ணும் போடக் கூடாது. அறுத்த தட்டைகூட வயல்ல விழக் கூடாது. அஞ்சு போகமோ, ஆறு போகமோ.”

அவளிடம் ஒரு போகம்கூட மிச்சமில்லை.

பங்குனியில் ஒப்பந்தம் முடிந்தது. நீட்டிக்கவில்லை. பாதி ஆராய்ச்சிக்கு யார் நீட்டிப்பார்கள்? லாரியில் பீரோவை ஏற்றியவன் அவன்தான். இருவரும் பேசிக்கொண்டது கயிறு பற்றி மட்டும். அருகில் இருந்தே கேட்டோம்.

ஹைதராபாத்தில் வேறு ஆய்வகம். அடுத்த தை மாதம் அங்கேயே கல்யாணம். மாப்பிள்ளையும் விஞ்ஞானியாம், சோறே சாப்பிடமாட்டாராம், சப்பாத்திதானாம். பத்திரிகை எல்லா வீட்டுக்கும் வந்தது. அவனுக்கும் வந்தது.

எங்களில் நான்கு பேர் வேன் பிடித்துப் போனோம்.

அவன் வரவில்லை. அந்தப் பட்டினி வயலில் மக்காச்சோளம் அறுப்பு என்றான்.

அறுப்பு என்றால் அவன் வழியில் அறுப்பு. கூலி ஆட்கள் போன பிறகு, வேரை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மண் உதறி வரப்புக்கு வெளியே போடுவான். உதிர்ந்த சருகைக் கூடையில் பொறுக்குவான். அந்த வயலில் இப்போது யாருக்கும் ஆராய்ச்சி இல்லை. செய்யச் சொல்லி எந்த உத்தரவும் இல்லை. நடுவில் நல்ல இடத்துக்கு மாறுதல் வந்தது. வேண்டாமென்று எழுதிக் கொடுத்தானாம்.

இது ஆறாவது போகம்.

போன வாரம் வரப்பில் குந்தியிருந்தான். மக்காச்சோளம் முழங்கால் உயரத்துக்கு மேல் வளர மறுத்து நின்றது. இலை ஓரமெல்லாம் ஊதா. மணிச்சத்து இல்லையென்றால் அப்படித்தான் ஆகுமாம்.

வேறு எந்தப் பண்ணையில் ஆனாலும் மேலாளருக்கு மெமோ கொடுத்திருப்பார்கள்.

இவன் முகமெல்லாம் சிரிப்பு. ஊதா இலை ஒன்றை வெயிலுக்கு நேராகப் பிடித்து, கைபேசியில் படம் எடுத்தான். இரண்டு வரி தட்டினான். அழித்தான். படத்தை மட்டும் அனுப்பினான்.

யாருக்கு என்று குடியிருப்பில் ஒருவரும் கேட்கவில்லை.

எங்களுக்கு அது முதல்முறை.