வேல்விழிக்கு ஒரு சீட்

தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்க்கை ஆலோசகர் சூரியபிரகாஷின் எதிரே பொட்டிப்புரம் அழகரும் மகள் வேல்விழியும் உட்கார்ந்திருந்தார்கள்.

"வயர்மேன் கோர்ஸுக்கு எட்டாவது பாஸ் போதுமாமே சார்?" என்றார் அழகர்.

"தாராளமாப் போதும்ணே. எட்டாவதுதானேன்னு பாப்பா வெக்கப்பட வேணாம். இது ஒரு ஏணி." ஆலோசகரின் கண்கள் சொக்கின. "ரெண்டு வருசம் வயர்மேன். கூட தமிழ், இங்கிலீஷ் பரீட்சை எழுதிட்டா பத்தாவதுக்குச் சமம். அத வச்சு டிப்ளமோ. டிப்ளமோ முடிச்சா இன்ஜினியரிங்ல நேரா ரெண்டாம் வருசம்."

அவர் சொல்லச் சொல்ல அறையின் கூரை கரைந்தது. மேசையில் முளைத்த ஏணி மேகமலையைத் தாண்டி வளர்ந்தது. வேல்விழி அதில் மிதந்து மிதந்து ஏற, நிலா சற்று ஒதுங்கி வழிவிட்டது.

"உச்சிப்படியில என்ன இருக்கு தெரியுமாத்தா? பி.இ. பட்டம்."

அழகர் தொண்டையைச் செருமினார்.

"அந்த உச்சிப்படியிலதான் சார் இவ மூணு வருசமா வேலையில்லாம நிக்கிறா. எறங்க வழி கேட்டுத்தான் வந்தோம்."

வேல்விழி முதல்முறையாக வாய் திறந்தாள்.

"எங்க ஊர்ல கெணத்து மோட்டாருக்கு வயர் மாட்ட ஆளே இல்ல சார். ஒரு சீட் குடுங்க. மேல நின்னு நின்னு கால் வலிக்குது."