மேசை மீது ஒரு சொட்டு

"பயப்பிடாதை பிள்ளை. நாளைக்கு உன்ர மேசையில மடு மாதான்ர தண்ணி ஒரு சொட்டு இருக்கும். அதைத் தொட்டுப்போட்டு எழுது."

டொலறஸ் இப்படிச் சொன்னபோது மகள் ஜெஸ்ரினுக்குச் சிரிப்புத்தான் வந்தது. மறுநாள் அவளுக்கு இங்கிலிஷ் சோதனை. பிரான்சை விட்டு லண்டனுக்கு வந்து இரண்டே வருஷம். கணக்கிலும் விஞ்ஞானத்திலும் அவள்தான் வகுப்பில் முதல். இந்த இங்கிலிஷ் மட்டும் காலை வாரிக்கொண்டிருந்தது. ஒன்பதுக்கு நான்கு எடுத்தால்தான் சிக்ஸ்த் ஃபோர்ம் என்ற மேல்வகுப்பில் விஞ்ஞானம் படிக்க இடம் கிடைக்கும். மூன்று வந்ததோ, எல்லாம் போச்சு. அதே சோதனையை மறுபடி மறுபடி எழுதிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

டொலறஸுக்கு அதே பள்ளிக்கூடத்தில்தான் துப்புரவு வேலை. சோதனைக் காலத்தில் மண்டபத்தில் மேசைகளை அடுக்கித் துடைப்பதும் அவள்தான். மனோர் பார்க்கில் அவர்கள் இருந்த வீட்டில், மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் போத்தல் நிற்கும். இலங்கையில் மன்னாரிலிருந்து பெரியம்மா பத்திரமாய்க் கொண்டுவந்து கொடுத்த மடு மாதா கோயில் தண்ணீர். காய்ச்சல் வந்து படுத்தால்கூட டொலறஸ் மகளின் நெற்றியில் ஒரு துளிதான் வைப்பாள். அதிலே அம்மா அப்படி ஒரு கஞ்சத்தனம்!

மறுநாள் காலை பிள்ளைகள் மண்டப வாசலில் வரிசையாக நின்றார்கள். கதவு திறக்கிற நேரம், உள்ளேயிருந்து டொலறஸ் வியர்க்க விறுவிறுக்க வெளியே வந்தாள். மகளைப் பார்த்து ஒரு தலையாட்டு. அவ்வளவுதான். வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஜெஸ்ரின் தன் மேசையைத் தேடிப்பிடித்து உட்கார்ந்தாள். பெயர் அட்டைக்குப் பக்கத்தில், சொன்னபடியே, ஒரு சொட்டுத் தண்ணீர் மினுங்கிக்கொண்டிருந்தது. மெல்லத் தொட்டாள்.

அம்மாடி! எங்கிருந்துதான் அந்தத் தைரியம் வந்ததோ! உடம்பெல்லாம் புல்லரித்தது. இரண்டு வருஷமாக அவளை முறைத்துக்கொண்டு நின்ற சொற்கள் எல்லாம், கூப்பிடக் கூப்பிட வந்து வரிசையில் நின்றன. எழுதினாள், எழுதினாள், விரல் கடுக்கும்வரை எழுதினாள். மணியடித்தபோது, இவ்வளவையும் நான்தான் எழுதினேனா என்று தாள்களையே வாய் பிளந்து பார்த்தாள்.

பின்னேரம் வீட்டுக்கு வந்து பார்த்தால், மாதாவின் பக்கத்தில் போத்தல் வெறுமையாக நின்றது.

"அம்மா! முழுப் போத்தலையும் எனக்கெண்டே ஊத்திப்போட்டீங்களோ?"

"முடிஞ்சு போச்சு பிள்ளை." டொலறஸ் திரும்பிப் பார்க்காமல் வெங்காயம் வெட்டினாள்.

அப்போதுதான் ஜெஸ்ரினுக்கு மனம் குத்தத் தொடங்கியது. "இது சரியில்லை அம்மா. எனக்குப் பின்னால இருந்த அமீனா சோமாலியாவில இருந்து வந்து ஒரு வருஷம்தான். அவளின்ர தாய்கூட இஞ்சை இல்லை. அவளுக்கு ஆர் தண்ணி வைச்சது? நான் பாஸ் பண்ணினா அது மாதான்ர பாஸ். என்ர பாஸ் இல்லை."

டொலறஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு, "முதல்ல றிசல்ட் வரட்டும்" என்று மட்டும் சொன்னாள்.

ஓகஸ்ட் கடைசியில் ஒரு வியாழக்கிழமை றிசல்ட் வந்தது. ஜெஸ்ரின் உறையைக் கிழித்துப் பார்த்தாள். இங்கிலிஷ்: ஆறு! கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தாள். ஆறேதான். பக்கத்தில் அமீனா, "நாலு! நாலு!" என்று குதித்தாள். இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். ஆனாலும் அந்த முள் உள்ளே கிடந்து குத்தியது. 'மாதாவே, உமக்குத்தான் ஆறு. எனக்கு எத்தனை?' என்று மனதுக்குள் கேட்டாள்.

டொலறஸ் பள்ளிக்கூட நடையைத் தும்புத்தடியால் கூட்டிக்கொண்டு நின்றாள். தாளைக் காட்டியதும் மகளின் நெற்றியில் சிலுவை போட்டு, அப்படியே இறுக்கிக் கொஞ்சினாள். அந்த நேரம் பார்த்துப் பள்ளிக்கூடத்துக் கட்டடங்களைப் பார்த்துக்கொள்ளும் கெவின் வந்து சேர்ந்தார்.

"நல்லவேளை, நீ நிற்கிறாய்," என்றார் ஆங்கிலத்தில். "உன் அம்மாவிடம் ஒன்று கேட்க வேண்டும். எங்கள் இரண்டு பேருக்கும் கைப்பாஷைதான். அந்த இங்கிலிஷ் சோதனை அன்றைக்கு மண்டபத்தில் ஒவ்வொரு மேசையிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடந்தது. நூற்றெண்பத்து நான்கு மேசையிலும்! கூரை ஒழுகுகிறதாக்கும் என்று இரண்டு தடவை ஆளை ஏற்றிப் பார்த்தாயிற்று. ஒரு ஓட்டைகூட இல்லை. மேசை அடுக்கும்போது அவர் எதையும் கண்டாரா?"

ஜெஸ்ரின் மெல்லத் திரும்பித் தாயைப் பார்த்தாள். இத்தனை வருஷம் கூட இருந்த அம்மாவை இன்றைக்குத்தான் முதல்முறை பார்ப்பதுபோல இருந்தது.

"அம்மா... எல்லாருக்குமா?"

டொலறஸ் களவில் பிடிபட்டவள்போல நிலத்தைப் பார்த்தாள். "மடுவில ஆர் எவர் எண்டு பாத்தே மாதா குடுக்கிறவ? எல்லாம் பிள்ளையள்தானே."

"கூரை ஒழுகியதை அம்மா காணவில்லையாம்," என்று ஜெஸ்ரின் கெவினுக்குச் சொன்னாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு போனார். ஜெஸ்ரின் கண்ணைத் துடைத்தாள். நெஞ்சுப் பாரம் இறங்கிவிட்டது.

"அப்ப எல்லாருக்கும் ஒரேமாதிரி மாதான்ர தண்ணிதான், என்னம்மா? அவைக்கும் எனக்கும்."

"உனக்கு இல்லை பிள்ளை," என்றாள் டொலறஸ் இன்னும் மெதுவாக. "பந்தியில வீட்டுப் பிள்ளைக்குக் கடைசியாத்தானே வைக்கிறது. உன்ர மேசைக்கு வரேக்க போத்தல் முடிஞ்சு போச்சு. நீ தேடுவாயெண்டு, பாத்ரூம் பைப்பில பிடிச்சுத்தான் உனக்கு வைச்சனான்."