புகார் எண் நாற்பத்தொன்று

"திட்டுறவன்கிட்டயே வருத்தம் தெரிவிக்கிற ஆளை இன்னைக்குத்தாங்க பார்க்கிறேன்!"

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

சோபாவில் செல்போனும் கையுமாக இருந்த அவன் அசரவில்லை. "சும்மா இரு. இது என் வேலைக்கான பயிற்சி" என்றான்.

பாவம், பொய் இல்லை. வீட்டு உபயோகச் சாமான் விற்கும் கம்பெனியில், புகார்களைப் போனில் கேட்பது அவன் வேலை. போன மாதம் ஒரு அம்மா பதினோராவது தடவையாகக் கூப்பிட்டார்.

"தம்பி, துணி பிழியும்போது எங்க வாஷிங் மெஷின் நடக்குதுப்பா. நேத்து ஹால் வரைக்கும் வந்துடுச்சு."

"அப்போ கயித்தைப் போட்டுக் கட்டுங்கம்மா!" என்று கத்திவிட்டான்.

பின்னாலேயே மேலாளர் நின்றுகொண்டிருந்தார். போதாத காலம்.

"இன்னொரு தடவை குரல் உயர்ந்துச்சுன்னா, உயர்த்தினவர் வீட்டுக்குப் போகலாம்" என்றார், பூ உதிர்வது போல.

மேலாளர் பொறுமையின் மறு உருவம். திங்கட்கிழமைதோறும் பொறுமை வகுப்பு எடுப்பார். யார் எப்படித் திட்டினாலும் சொல்வதற்கு மூன்றே வாக்கியம் எழுதி, ஒவ்வொரு மேஜையிலும் ஒட்டி வைத்திருந்தார்: 'உங்கள் சிரமம் புரிகிறது. வருந்துகிறோம். புகாரைப் பதிவு செய்துகொண்டோம்.'

திட்டு வாங்கிப் பழக எங்கே போவது? மச்சினன்தான் வழி சொன்னான்.

"நீச்சல் பழகணும்னா தண்ணியில இறங்கணும் மாமா" என்று இந்த ஆன்லைன் விளையாட்டை இறக்கிக் கொடுத்தான். அணிக்கு நாலு பேர். எதிரி கோட்டையைப் பிடிக்க வேண்டும். விளையாட்டில் அவன் பெயர் நத்தை. குரலையும் மாற்றிக்கொள்ளலாம் என்பதால், எண்பது வயதுக் கிழவர் குரலை வைத்துவிட்டான் மச்சினன்.

நத்தை தினமும் துப்பாக்கியில் குண்டு போடாமலே முதல் ஆளாக ஓடும். முதல் ஆளாகச் சாகும். அணி தோற்கும்.

அதே அணியில் எரிமலை என்று ஒருத்தர். அவர் வைத்துக்கொண்டது மூன்று வயதுக் குழந்தையின் குரல்.

"அறிவிருக்கா கிழவா? குண்டு போட்டுட்டு ஓடுய்யா! மண்ணாந்தை!" என்று மழலையில் கொதிக்கும் குழந்தை.

"உங்கள் சிரமம் புரிகிறது. வருந்துகிறோம். புகாரைப் பதிவு செய்துகொண்டோம். புகார் எண் ஒன்று" என்று இருமும் கிழவர்.

முதல் வாரம் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னான். இரண்டாவது வாரம் மனப்பாடமாகவே வந்தது. நாலாவது வாரம் எரிமலை அழுதேவிட்டது. இவன் சிரித்த முகமாகப் புகார் எண் நாற்பத்தொன்று கொடுத்தான்.

ஆபீஸிலும் ஆள் மாறிவிட்டான். கழுதை என்று திட்டிய வாடிக்கையாளரிடம், "ஒரு கழுதையா, ரெண்டு கழுதைங்களா சார்? சரியாப் பதியணும்" என்று பணிவாகக் கேட்டான்.

திங்கட்கிழமை வகுப்பில் மேலாளர் அவனை எழுந்து நிற்கச் சொல்லி, எல்லோரையும் கை தட்ட வைத்தார். பிறகு அறைக்குக் கூப்பிட்டார்.

"ஒரே மாசத்துல எப்படிங்க? எனக்கே பொறாமையா இருக்கு."

"ஒரு விளையாட்டு சார். எரிமலைன்னு ஒருத்தர், குழந்தைக் குரல்ல தினமும் என்னைத் திட்டுவார். நான் உங்க மூணு வாக்கியத்தைச் சொல்லி, நம்பர் கொடுத்துடுவேன்."

மேலாளரின் தேநீர்க் கோப்பை பாதி வழியில் நின்றது.

"நீ... நத்தையா?"

"அப்போ... எரிமலை நீங்களா சார்?"

மேலாளர் கண்ணை மூடிப் பத்து வரை எண்ண ஆரம்பித்தார். மூன்றைத் தாண்ட முடியவில்லை.

"என் மூணு வாக்கியத்தைக் கேட்டும், எல்லாக் கம்பெனிக்காரனும் இதைத்தானே சொல்றான்னு விட்டேனே! நாப்பத்தோரு புகார்! நாப்பத்தொண்ணும் ஒரே புகார்! குண்டு போட்டுட்டு ஓடுன்னு! ஒரு நாளாவது போட்டியாய்யா?"

கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஆபீஸே எழுந்து நின்றது.

"பதிவு... பண்ணியிருக்கேன் சார்."

"பதிவு பண்ணி? பண்ணி என்னய்யா செஞ்சே?"

"அதுக்கு மேல நீங்க ஒண்ணும் எழுதிக் கொடுக்கலையே சார்."

மேலாளர் தொப்பென்று உட்கார்ந்தார். மேஜையில் ஒட்டியிருந்த மூன்று வாக்கியங்களையும் விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார்.

அவன் பயந்துகொண்டே கேட்டான். "சார், இப்போ குரல் உயர்ந்துடுச்சே... யார் வீட்டுக்குப் போறது?"

மேலாளர் தாளிலிருந்து கண்ணை எடுத்தார். குரல் இறங்கியிருந்தது.

"அந்த வாஷிங் மெஷின் அம்மா இதுவரைக்கும் எத்தனை தடவை கூப்பிட்டிருக்காங்க?"

"பத்தொன்பது சார். எல்லாத்துக்கும் நம்பர் கொடுத்தாச்சு."

"திட்டினாங்களா?"

"ஒரு தடவைகூட இல்ல சார். மெஷின் இப்போ வாசப்படி வரைக்கும் வந்துடுச்சாம். அது வீட்டை விட்டுப் போறதுக்குள்ள யாரையாவது அனுப்புங்கப்பான்னு மட்டும் சொன்னாங்க. நான் சாப்பிட்டேனான்னும் கேட்டாங்க."

மேலாளர் மேஜையில் ஒட்டியிருந்த தாளை மெல்லக் கிழித்தார்.

"முதல்ல மெக்கானிக்கை அனுப்புய்யா. அடுத்த திங்கட்கிழமை பொறுமை வகுப்பு எடுக்க அந்த அம்மாவைக் கூப்பிடு. நாம ரெண்டு பேரும் முன் வரிசையில உக்காரலாம்."