தண்ணீரில் தரைதட்டிய படகு

“அடியில ரெண்டு பனை ஆழம் தண்ணி கிடக்க, என் படகு தரைதட்டி நின்னுச்சு!” என்றார் ஓய்வுபெற்ற மாலுமி கஸ்பார்.

“அளந்து விடாதீங்க அத்தான். சாயங்காலம் என் மவளுக்கு நிச்சயம். அதுக்குள்ள காட்டுங்க பாப்போம்” என்று மைத்துனர் லியோன் படகில் ஏறினார்.

படகில் கஸ்பார் பொருத்தியிருந்த மடிக்கணினி சொன்னால்தான் எஞ்சின் ஓடும். என்றோ கடலில் மூழ்கிய தீவு அதன் வரைபடத்தில் இன்னும் நிலமாகவே இருந்தது. படகு அந்த இடத்துக்கு வந்ததும், கணினி எஞ்சினை அணைத்து நங்கூரத்தையும் இறக்கிவிட்டது.

“எறங்கித் தள்ளச் சொல்லுது, மச்சான்!” கஸ்பாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“அன்னைக்கு எப்படிக் கரை சேந்தீக?”

“மீன்பிடிக்கப் போனவன் கட்டி இழுத்தான்.”

“இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, பூசை நாளு அத்தான்! எவன் கடலுக்கு வருவான்?”

கஸ்பார் அதை யோசிக்கவேயில்லை.

தூரக் கரையில் நிச்சயப் பந்தலின் விளக்குகள் எரியத் தொடங்கின. லியோன் போனை எடுத்தார்.

“அக்கா, மாப்பிள்ளை வீட்டுக்காரங்களக் கொஞ்சம் இருக்கச் சொல்லு. அத்தான் சொன்னது நெசந்தான். தரைதட்டி நிக்கோம்.”